சுவரில் இல்லாத குட்டி

மேல்காட்டுக்கும் கீழே ஓடுகிற ஓடைக்கும் நடுவில் அந்தச் சுவர் எழும்பிப் பதினோரு மாதமாகியிருந்தது, அந்தப் பதினோரு மாதமும் சேம்புக்கொம்பையில் ஒருவர்கூட முழுத் தூக்கம் தூங்கவில்லை. ரிசார்ட் கட்டினவர்கள் சுவரை எங்கே எழுப்புவது என்று காகிதத்தில் கோடு போட்டபோது அந்தக் கோடு யானைத் தடத்தின் குறுக்கே விழுந்துவிட்டது. உயரம் இரண்டு ஆள், நீளம் முந்நூறு தப்படி. தாகமெடுத்து இறங்கி வருகிற யானைக்கூட்டம் சுவருக்கு முன்னால் வந்து நிற்கும், தும்பிக்கையால் தடவிப் பார்க்கும், கொஞ்ச நேரம் யோசிக்கும், பிறகு பக்கத்திலிருக்கிற கொம்பை என்கிற குறும்பர் ஊர் வழியாகத் தண்ணீருக்கு இறங்கும், போகிற போக்கில் ஒரு பலாமரம் போகும், ஒரு ஓட்டுக்கூரை போகும், ஒருமுறை அங்கன்வாடியின் சமையல்கட்டே போனது. இருபத்தாறு குறும்பர் வீடுகள் கொண்ட அந்த ஊரில் ஆட்கள் செருப்பைக் காலில் போட்டபடியே படுத்தார்கள், பிள்ளைகளை வீட்டுச் சுவரோரம் படுக்க வைக்காமல் கதவோரம் படுக்க வைத்தார்கள், நாய் குரைத்தாலும் பயந்தார்கள், குரைக்காவிட்டால் இன்னும் பயந்தார்கள்.

அந்தச் சுவரில் படம் வரைய வேண்டும் என்று ரிசார்ட் முதலாளி சொன்னது யானைக்காக அல்ல. அவர் காரில் வந்தார், சுவரின் நீளம் முழுக்க வெள்ளையாக ஓடுவதைக் கார் கண்ணாடி வழியாகப் பார்த்தார், "ஜெயில் மாதிரி இருக்கு, ஏதாவது ட்ரைபல் ஆர்ட் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மானேஜர் தேவசகாயம் நாகர்கோவில்காரர், முதலாளி சொன்னதை மூன்று நாள் மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த பெள்ளனைக் கூப்பிட்டார்.

"ஒம் பொண்டாட்டி படம் வரைவாள்லா?"

"வரைவா சார். காகிதத்துல."

"சுவத்துல வரையணும். கேட்டுச் சொல்லு."

பெள்ளனின் மனைவி மாதிக்கு முப்பத்தைந்து வயது. குறும்பர் வரைகிற முறையில் வரைகிறவள். வேங்கை மரத்துப் பாலில் சிவப்பும், அவரை இலையில் பச்சையும், அடுப்புக் கரியில் கறுப்பும் எடுத்து, மனிதர்களைக் கோடும் வட்டமுமாக, கை கால் வைத்து, முகம் இல்லாமல் போடுவாள். கோயம்புத்தூரில் ஒரு கண்காட்சியில் அவள் படங்கள் தொங்கியபோது, கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, ஏன் யாருக்கும் முகமே இல்லை என்று கேட்டாள். முகம் போட்டால் அது ஒரு ஆள்தான், போடாவிட்டால் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்று மாதி சொன்னாள். அந்த அம்மாள் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். அப்போது மாதி அதைப் பெரிதாக நினைத்துச் சொல்லவில்லை.

யானைகளை மட்டும் அவள் அப்படிப் போடமாட்டாள். மனிதர்களில் ஒருவரை இன்னொருவர் என்று நினைத்துவிட்டால் ஒரு சிரிப்போடு போய்விடும், யானையில் அப்படி நினைத்துவிட்டால் உயிர் போகும். மேல்காட்டுக் கூட்டத்தில் பதினோரு யானைகள்; முன்னால் நடக்கிற பெரியவள், இடது காது கிழிந்த கிழிகாதி, வால் பாதியில் நின்றுபோன மொட்டைவாலி, எப்போதும் ஒரு அடி பின்தங்கி நடக்கிற இரண்டு இளசுகள் என்று ஒவ்வொன்றையும் அவளுக்கு நடையிலேயே தெரியும்.

இருபத்து மூன்று நாள் சாரம் கட்டி வரைந்தாள். என்ன வரைவது என்று யாரும் சொல்லவில்லை, ஆகவே அந்தச் சுவர் எதையெல்லாம் மறைத்ததோ அதையெல்லாம் சுவரின் மேலேயே வரைந்தாள். மூங்கில் புதரை, ஓடையை, ஓடைக்குக் குனிகிற நாவல் மரத்தை, குடத்தைத் தலையில் வைத்த பெண்கள் மூன்று பேரை, தேன்கூடையைத் தோளில் தொங்கவிட்ட ஆண்கள் இரண்டு பேரை, எல்லாவற்றுக்கும் நடுவில் மேலிருந்து கீழே இறங்குகிற அகலமான தடத்தை, தடத்தின் மேல் பதினோரு யானைகளை. முடிந்ததும் தேவசகாயம் சுவரோரம் ஒரு பலகை நட்டார். அதில் 'நீலகிரி பழங்குடி ஓவியம்' என்று இருந்தது, மாதியின் பெயர் இல்லை. அவர் அவளைப் பார்த்து, "மேல எடத்துல இருந்து வந்த வாசகம்மா, நான் எழுதல்ல" என்றார். மாதி தூரிகைகளைக் கழுவினாள்.

நான்காவது நாள் பொழுது சாய்கிற நேரத்தில் கூட்டம் மேல்காட்டிலிருந்து இறங்கியது. கார்ப்பாதையைக் கடந்து, வழக்கம்போலச் சுவருக்கு முன்னால் வந்து நின்றது. பெரியவள் தும்பிக்கையைத் தூக்கிச் சுவரை மோந்தாள், வரைந்திருந்த தடத்தின் மேல் ஒரு காலை வைத்தாள், பிறகு இன்னொரு காலை வைத்தாள், சுவருக்குள் நடந்து போனாள். அவள் பின்னால் மொட்டைவாலி போனாள், கிழிகாதி போனாள், பதினோரு யானைகளும் வரிசையாகப் போயின. உள்ளே புல்தரையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெள்ளன், சுவரிலிருந்து யானைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டு, நீச்சல்குளத்தை ஒட்டி, மூங்கில் நாற்காலிகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து ஓடைக்கு இறங்குவதைப் பார்த்தான். குழாயை மூட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது, மூடினான். சுவரில் ஒரு கீறல் இல்லை. தண்ணீர் குடித்துக் குளித்து முடித்து, போன வழியாகவே அவை திரும்பி வந்தன.

அன்றைக்குச் சேம்புக்கொம்பை பதினோரு மாதத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கியது. மறுநாள் வெயில் முற்றத்துக்கு வந்த பிறகும் கதவுகள் திறக்கவில்லை. வனத்துறைக் காவலர் ஹாலன், பதினைந்து வருடமாக அந்த மலையில் யானை பார்க்கிறவர், தன் பதிவேட்டில் 'பதினோரு யானைகள் சுவரைக் கடந்தன, சேதம் இல்லை' என்று எழுதினார். மேலதிகாரி கூப்பிட்டு எப்படிக் கடந்தன என்று கேட்டதற்கு, "வழக்கமான வழியிலதான் சார்" என்றார்.

மனிதர்களும் கடக்கலாம் என்பதைக் கண்டுபிடித்தது ரங்கி. மாதியின் பக்கத்து வீட்டுக்காரி, மாதியைவிட ஏழெட்டு வயது மூத்தவள், எதையும் கையால் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவாள். முதலில் கையை வைத்து அழுத்தினாள். சுவர் சுவராகத்தான் இருந்தது. தோளால் முட்டினாள்; தோள்தான் வலித்தது. கொம்பைக் குழாயில் தண்ணீர் வராத ஒரு நாளில், சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடைக்குப் போவதற்காகக் குடத்தைத் தலையில் வைத்தபடி நடந்தவள், வரைந்திருந்த குடத்துக்காரியின் அருகில் வந்தபோது நிழலுக்காகச் சற்றுச் சாய்ந்தாள், அடுத்த அடி உள்ளே புல்தரையில் இருந்தாள். அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. குடம் வைத்த எந்தப் பெண்ணும் போகலாம், தேன்கூடை மாட்டிய எந்த ஆணும் போகலாம். சுவரோரம் பொதுவுக்கு என்று ஒரு குடமும் ஒரு கூடையும் வைத்தார்கள். கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு காப்பீட்டு முகவர், ஓடையைப் பார்க்கும் ஆசையில் அவசரத்தில் குடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து மூக்கை உடைத்துக்கொண்டார். கூடையைத்தான் எடுத்திருக்க வேண்டும் என்று பிறகு சொன்னார்கள்.

மாதிக்குத்தான் நிம்மதி இல்லை. வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆடு வளர்க்கிறவர் நாலு ஆட்டை ஓரமாகப் போடச் சொன்னார். ஒருவன் தன் ஸ்கூட்டியைப் போட முடியுமா என்று கேட்டான். ஓடைக்கரையில் தன் அப்பனைப் புதைத்த இடம் சுவருக்குள் மாட்டிக்கொண்டது என்றும், கையில் எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு அங்கே போய் நிற்க வேண்டும் என்றும் ஒருத்தி கேட்டாள். மானேஜர் ஒரு கோடுகூட அதிகம் போடக்கூடாது என்று சொல்லியிருந்தார், அதைத்தான் மாதி எல்லோரிடமும் சொன்னாள். ஆனால் அவள் மனசில் இருந்தது வேறு. கிழிகாதியின் வயிறு.

வரைந்த நாட்களிலேயே கிழிகாதி வயிறு பெருத்துத்தான் இருந்தாள். மாதி அதைப் பார்த்தாள், வயிற்றைக் கொஞ்சம் வளைத்தே போட்டாள். வயிற்றுக்குள் இருப்பது ஒருநாள் வெளியே வந்து தனியாக நடக்கும் என்பதை அவள் நினைக்கவில்லை. சாரத்தின் மேல் உட்கார்ந்து நாவல் மரத்தின் இலைகளை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது என்று பிறகு அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

மாசி மாதம், மேலே இருந்த குட்டைகள் எல்லாம் வற்றிப்போன சமயம், கூட்டம் பன்னிரண்டாக இறங்கி வந்தது. குட்டி கிழிகாதியின் முன்னங்கால்களுக்கு நடுவில் நடந்து வந்தது. பெரியவள் உள்ளே போனாள், மொட்டைவாலி போனாள், கிழிகாதி போனாள், குட்டி சுவரில் முட்டி உட்கார்ந்துவிட்டது. மறுபடி எழுந்து, தாய் மறைந்த இடத்தில் முட்டியது. பிறகு கத்தியது. உள்ளேயிருந்து கிழிகாதி திரும்பி வந்தாள், குட்டியைத் தும்பிக்கையால் அணைத்து முன்னால் தள்ளினாள், தள்ளிக்கொண்டே அவள் உள்ளே போய்விட்டாள், குட்டி வெளியே நின்றது. இப்படி நாலைந்து தடவை. பத்து யானைகள் புல்தரையில் நின்று பிளிறின, ரிசார்ட் விருந்தாளிகள் அறைகளுக்குள் ஓடி விளக்கை அணைத்தார்கள். கடைசியில் எல்லாமே வெளியே வந்து, குட்டியை நடுவில் விட்டு, கொம்பை வழியாக ஓடைக்குப் போயின. குட்டியோடு போகிற கூட்டத்துக்கு வழியில் நிற்கிற எதுவும் ஆகாது. மூன்று வீட்டுக் கூரை போனது. ரங்கியின் புருஷன் ஓடும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்தது, அவரை ஜீப்பில் ஊட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை ரங்கி மாதியின் வாசலில் வந்து நின்றாள். சண்டை போட வரவில்லை.

"ஏன் மாதி, குட்டிய ஏன் விட்டுட்ட?"

"அப்ப அது பொறக்கலக்கா."

"இப்பப் பொறந்துடுச்சே."

மாதி யாரையும் கேட்கவில்லை. நட்டநடுப்பகலில் வேங்கைப் பாலைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய், கிழிகாதியின் காலருகில் ஒரு குட்டி போட்டாள். உருண்டை உடம்பு, சின்னத் தும்பிக்கை, பார்க்க அழகாகவே இருந்தது. மாடியில் நின்ற தேவசகாயம் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டு உள்ளே போய் ஃபைல் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் கொம்பை முழுக்க மேட்டில் நின்று பார்த்தது. குட்டி வந்தது. வரைந்திருந்த குட்டியின் மேலேயே முட்டி விழுந்தது.

மாதி மேட்டிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்து, அடுப்பு பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். பெள்ளன் வந்தபோது சொன்னாள்: "நான் ஏதோ ஒரு குட்டியப் போட்டுட்டேன். இந்தக் குட்டிய நான் பார்த்ததே இல்ல. அது அம்மா காலுக்கு நடுவுல இருக்கு, தூசியில இருக்கு, விழுந்து கிடக்கு. நடக்கிறத எங்க பார்த்தேன்?"

பெள்ளன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனிடமும் ஒரு செய்தி இருந்தது. யானை சுவரைக் கடக்கிற செய்தி மாவட்டம் முழுக்கப் பரவி, அது உண்மையிலேயே யானைத் தடம்தானா என்று அளந்து பார்க்க அரசாங்கத்திலிருந்து ஒரு குழு வெள்ளிக்கிழமை வருகிறது. முதலாளியின் வக்கீல் படத்தின் புகைப்படத்தைப் பார்த்திருக்கிறார். தடம் இல்லை என்று நாம் சொல்கிறோம், நம் சுவரிலேயே நாம் தடத்தை வரைந்து வைத்திருக்கிறோம் என்று கத்தியிருக்கிறார்.

"வியாழக்கிழமைக்குள்ள சுண்ணாம்பு அடிச்சிடணுமாம்," என்றான் பெள்ளன்.

"யாரு அடிக்கிறது?"

"என்னத்தான் சொல்லியிருக்காங்க."

மாதி அவனைப் பார்க்கவில்லை. "அடிக்கலன்னா?" என்றாள்.

"வேற ஆள் வருவான். நான் வீட்டுல இருப்பேன்."

"அப்ப நீயே அடி. வேற எவனாவது அடிச்சா எந்த இடத்துல எப்படித் தேய்க்கிறான்னு எனக்குத் தெரியாது."

அப்படிச் சொல்லிவிட்டு அவள் பாயில் போய்ப் படுத்தாள். தேன்கூடைக்காரர்களின் மேல் சுண்ணாம்பு வழிவதையும், பெரியவளின் முதுகு வெள்ளையாவதையும் அவள் கண்ணைத் திறந்துகொண்டே பார்த்தாள்.

புதன்கிழமை விடிந்ததும் ஹாலனைத் தேடிப் போனாள். "அண்ணா, அந்தக் குட்டிய நான் பார்க்கணும். நடக்கிறப்பப் பார்க்கணும்."

ஹாலன் யோசித்தார். பிறந்து மூன்று வாரம் ஆகாத குட்டியோடு இருக்கிற தாயின் பக்கத்தில் பதினைந்து வருட அனுபவம் உள்ள அவரே போனதில்லை. "காத்து நம்ம பக்கம் அடிக்கிறவரைக்கும்தான் இருப்போம்," என்றார். "திரும்புச்சுன்னா நான் எதுவும் சொல்லமாட்டேன், உன் கையப் புடிச்சு இழுப்பேன், நீ வரணும்."

கூட்டம் மேலே ஒரு மூங்கில் பள்ளத்தில் நின்றிருந்தது. பாறை ஒன்றின் பின்னால் இருவரும் குந்தினார்கள். வெயில் ஏறியது. கிழிகாதி குட்டியை மறைத்தபடியே நின்றாள். தெரிந்ததெல்லாம் நாலு சின்னக் கால்கள், சில சமயம் மூன்று. மாதியின் கையிலிருந்த கரித்துண்டு வியர்வையில் நனைந்து விரலெல்லாம் கறுப்பாகியது. நாளை இந்நேரம் சுவர் வெள்ளையாகிவிடும் என்பதைத் தவிர வேறு எதையும் அவளால் நினைக்க முடியவில்லை.

காற்று திரும்பியது. ஹாலன் அவள் கையைப் பிடித்தார். கிழிகாதி தலையைத் தூக்கினாள், காதுகளை விரித்தாள், பாறையை நோக்கி எட்டுப் பத்து அடி வேகமாக வந்து நின்றாள். அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. ஹாலன் இழுத்தார். மாதி வரவில்லை, ஏனென்றால் தாய் முன்னால் வந்துவிட்டதால் குட்டி வெட்டவெளியில் தனியாக நின்றது. அது தாயைப் பார்த்தது, பிறகு நடக்க ஆரம்பித்தது. இடது பின்காலை வெளிப்பக்கமாக ஒரு அரைவட்டம் வீசி வைத்தது. தும்பிக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டே வந்து, அதன் மேலேயே கால் வைத்துத் தடுமாறியது, தடுமாறியதும் தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டது, சாய்த்த தலையோடே மீதித் தூரத்தையும் நடந்து வந்து தாயின் வாலைப் பிடித்துக்கொண்டது. கிழிகாதி திரும்பிக் குட்டியை மோந்தாள். அந்த நேரத்தில் ஹாலன் மாதியைத் தூக்காத குறையாகப் பள்ளத்தின் மறுபக்கம் இறக்கினார். கீழே வந்ததும் ஹாலன் ஒரு கல்லில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை மாதி சுவருக்கு வந்தபோது பெள்ளன் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டிருந்தான். அவள் முதலில் போட்ட குட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தாள். அரைவட்டம் வீசுகிற காலை முதலில் போட்டாள். பிறகு தரையில் இழுபடுகிற தும்பிக்கையை. பிறகு சாய்ந்த தலையை. முன்பு போட்ட குட்டியின் அழகு இதற்கு இல்லை, விழப்போகிற ஒன்றைப் போல இருந்தது. முடிக்கும்போது மணி பன்னிரண்டு.

"காயணும்," என்றாள். "ஈரத்து மேல சுண்ணாம்பு பட்டா கலஞ்சிடும்."

"எவ்வளவு நேரம்?"

"வேங்கைப் பால் காய ஒரு நாள் ஆகும்."

தேவசகாயம் வந்து நின்றார். கையில் போன், போனில் முதலாளி நாலு தடவை கூப்பிட்டிருந்தார். அவர் குட்டியைப் பார்த்தார், மாதியின் கையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். மேகம் மூடியிருந்தது. "நாலு மணிக்கு மேல என்னால நிறுத்தி வைக்க ஏலாதும்மா," என்றார். பிறகு உள்ளே போய், வரவேற்பறையில் விருந்தாளிகளுக்காக வைத்திருந்த பெரிய நிற்கும் மின்விசிறியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். வயர் எட்டவில்லை. மூன்று வயர்களை ஒன்றோடொன்று செருகி இழுத்து, குட்டியின் முன்னால் விசிறியை நிறுத்தி, முழு வேகத்தில் வைத்தார். நாலு மணிவரை அந்தக் குட்டிக்குக் காற்று வீசியது. அவர் மட்டும் அங்கிருந்து நகராமல், டை காற்றில் பறக்க, விரல் நுனியால் குட்டியின் முதுகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்குப் பெள்ளன் ஆரம்பித்தான். சுவர் ஏற்கெனவே வெள்ளைதான், படத்தை மட்டும் மூடினால் போதும்; ஓடையில் ஆரம்பித்தான். சுண்ணாம்பு மட்டையைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தான், காய்ச்சல்காரனுக்கு நெற்றியில் துணி போடுகிற மாதிரி. நாவல் மரம் போனது, குடத்துக்காரிகள் போனார்கள், தடம் போனது. யானைகளிடம் வந்தபோது அவன் கை நின்றது. மாதி வாளியைத் தூக்கி அவன் பக்கத்தில் வைத்தாள். பெரியவளின் மேல் அவன் சுண்ணாம்பு அடித்தான், குட்டியின் மேல் மாதியே மட்டையை வாங்கி ஒரு கோடு இழுத்தாள். ஐந்தரை மணிக்குச் சுவரில் ஒன்றும் இல்லை.

கொம்பை மேட்டில் நின்றது. ரங்கி முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்புக்கு அடியில் இருப்பது இருப்பதாகக் கணக்கா, இல்லாததாகக் கணக்கா என்று யாருக்கும் தெரியவில்லை, மாதிக்கும் தெரியவில்லை.

கூட்டம் இறங்கியது. பெரியவள் ஈரச் சுவரை மோந்து பார்த்துத் தும்மினாள். ஒரு அடி பின்வாங்கினாள். கொம்பைப் பக்கம் தலையைத் திருப்பினாள். மேட்டில் இருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள். அவள் அப்படியே நின்றாள். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நாலு அடி நகர்ந்து, தரையில் எதையோ தேடுகிறவள் போலக் காலால் மண்ணைக் கிளறி, பிறகு எந்த அவசரமும் இல்லாமல் வெள்ளைக்குள் நடந்து போனாள். மொட்டைவாலி போனாள். கிழிகாதி போனாள். குட்டி வந்து நெற்றியைச் சுவரில் வைத்தது, நின்றுவிட்டது. மாதி பெள்ளனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், அவள் நகம் பதிந்த தடம் ஒரு வாரம் அவன் கையில் இருந்தது. குட்டி தும்பிக்கையை இழுத்துக்கொண்டு ஒரு அடி எடுத்து வைத்தது, அதன் மேலேயே கால் வைத்துத் தடுமாறியது, தலை இடப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்த தலையோடு உள்ளே போனது.

உள்ளே விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்த தேவசகாயம், நெற்றியில் சுண்ணாம்பு அப்பிய ஒரு குட்டி தாயின் வாலைப் பிடித்துக்கொண்டு நீச்சல்குளத்தைக் கடப்பதைப் பார்த்தார். அன்றைக்கு முதலாளிக்கு அனுப்பிய செய்தியில் 'வேலை முடிந்தது' என்று மட்டும் எழுதினார்.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. சுவரை அளந்தது, வெள்ளையாக இருக்கிறது என்று எழுதியது, மலைப்பாதையில் மூடுபனி இறங்குமுன் போய்ச் சேர வேண்டும் என்று மூன்றரை மணிக்குக் கிளம்பிவிட்டது. தடம் உண்டு என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. ஹாலன் மட்டும் தன் பதிவேட்டில் வழக்கம்போல எழுதினார், இப்போது எண்ணிக்கையைப் பன்னிரண்டு என்று.

அதன் பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது. குடத்துக்காரிகள் இருந்த இடம் தெரியாததால் பெண்கள் மூலைத் தூணிலிருந்து எண்ணி நடக்கிறார்கள், தொண்ணூற்று இரண்டாவது அடியில் திரும்பினால் போய்விடலாம், ஒரு அடி தவறினால் குடம் உடையும். ரங்கி இதுவரை இரண்டு குடம் உடைத்திருக்கிறாள். அவள் புருஷன் தடி ஊன்றி நடக்கிறார். அப்பனைப் பார்க்கப் போக வேண்டும் என்று கேட்டவளை மாதி வெறுங்கையோடு போட்டாள், அவள் நிற்கிற விதத்தைப் பார்த்துப் போட்டாள், அதையும் பெள்ளன் சுண்ணாம்பால் மூடினான். மூன்று வருடத்தில் இன்னொரு குட்டி பிறந்தது. மாதி மேலே போனாள், பார்த்தாள், வந்து வரைந்தாள். காயும்வரை வெள்ளைச் சுவரில் அந்தக் குட்டி மட்டும் தனியாக, சுற்றிலும் காடில்லாமல், தாயில்லாமல் நின்றது. சுவரை எப்போதும் பளிச்சென்று வைத்திருக்கிறார் என்று முதலாளி தேவசகாயத்தைப் பாராட்டினார்.

ஆனால் மாதிக்குப் பழகவில்லை. ஒவ்வொரு யானையின் வயிற்றையும் அவள் தூரத்திலிருந்தே பார்க்கிறாள். காய்ச்சலில் படுத்த நாட்களில், தான் பார்க்காமல் ஒன்று பிறந்து நடந்துவிடுமோ என்று பாயில் எழுந்து எழுந்து உட்காருகிறாள். பெள்ளன் ஒரு வாளிச் சுண்ணாம்பை எப்போதும் ஊறவைத்தே வைத்திருக்கிறான்.

இந்த ஐப்பசியில் மொட்டைவாலி கூட்டத்தைவிட்டு ஒதுங்கினாள். ஹாலன் வந்து சொன்ன நிமிஷத்தில் மாதி கிளம்பினாள். பாறைக்குப் பின்னால் குந்தியபோது குட்டி பிறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, ஈரமாக, புல்லில் படுத்திருந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்தது.

"போகலாம் மாதி," என்றார் ஹாலன் காதோடு. "குட்டியப் பார்த்தாச்சில்ல."

"எழுந்திரிக்கட்டும் அண்ணா."

குட்டி முன்னங்கால்களை ஊன்றியது, சரிந்தது. மொட்டைவாலி காலால் மெதுவாக நெம்பிக்கொடுத்தாள். மறுபடி ஊன்றியது, மறுபடி சரிந்தது. முதல் தூறல் பாறையில் விழுந்தது. மாதியின் விரல் அவள் தொடைமேல் அவளுக்குத் தெரியாமலேயே கோடு இழுத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை குட்டி நாலு காலிலும் நின்றது, ஆடியது, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் உடம்பை முன்னால் சாய்த்தது. வலது முன்கால்தான் முதலில் வந்தது, உள்பக்கம் வளைந்து வந்தது. மாதி அதை மனசில் வாங்கிக்கொண்டு, மழையைத் துடைக்காமல், இரண்டாவது அடிக்காகக் காத்திருந்தாள்.